எடுத்து வைத்த பெயர்

அண்ணன் அவசரமாக எடுத்ததில் டம்ளர் தண்ணீர் பாதி அவன் சட்டையிலேயே சிந்திவிட்டது. குறைமாதத்தில் பிறந்த அவன் மகன் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஃபாதரோ ஓசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். சாகக்கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். தங்கவயலிலிருந்து வந்த எங்கள் வீட்டில் அந்தப் பெரிய வார்த்தையை யாரும் சொல்வதில்லை. 'பேர் வைக்கிறது' என்போம். பேர் வைக்காமல் ஒரு பிள்ளையை மண்ணுக்கு அனுப்பவே மாட்டோம்.

பெயர் முன்பே முடிவானதுதான். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். சுரங்கத்தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்த எங்கள் அப்பாவின் பெயர், சவரிமுத்து. அண்ணி வயிற்றைத் தடவித் தடவி, "சவரி, தூங்குடா" என்று பேசிக்கொண்டிருந்தது நாங்கள் குடியேறிய நீலசந்திரா வீட்டில்தான்.

"சார், பேகா, சீக்கிரமா ஒரு பேர் சொல்லி ஊத்துங்க, டைம் இல்ல" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார் நர்ஸ்.

அண்ணன், "அந்தோணி" என்று சொல்லி ஊற்றினான். நான் பதறிப்போய், "என்னண்ணா இது?" என்றேன்.

"அப்பா பேரைக் கொண்டுபோயி குழியில போடச் சொல்றியா? அடுத்த புள்ளைக்கு இருக்கட்டும்மா."

பாவி! அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் அழுதுகொண்டே சொன்னான், அதையும் சொல்லத்தான் வேண்டும். சற்று நேரத்தில் குழந்தை அடங்கிவிட்டது.

பக்கத்து வார்டில் மயக்கம் தெளிந்த அண்ணி, "சவரிக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்றுதான் முதலில் கேட்டாள். அண்ணன் உண்மையைச் சொன்னான். அவள் கத்தவில்லை. "எம்புள்ளய யாரோ மாதிரி அனுப்பிட்டீங்களே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஞானஸ்நானம் ஒருமுறைதான், மறுபடி கொடுக்க முடியாது. எங்களில் வைத்த பேர் வைத்ததுதான்.

அடுத்த பிள்ளை வரவே இல்லை. எத்தனை டாக்டர், எத்தனை வேளாங்கண்ணி நேர்ச்சை!

போன கல்லறைத் திருநாளன்று அந்தச் சின்னக் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றினோம். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன், "ஃபாதர்கிட்ட பேசிட்டேன். பூசையில செத்தவங்க பேர் வாசிக்கிறப்ப இவனைச் சவரிமுத்துன்னே வாசிக்கச் சொல்லியிருக்கேன்" என்றான்.

அண்ணி மண்ணில் ஒட்டியிருந்த பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"பத்திரமா எடுத்து வெச்சீங்கல்ல, நீங்களே வெச்சுக்கங்க."