தங்கையா சாரின் புத்தகத்தில் ஒரு வரி

தங்கையா சார் காலமான செய்தி எனக்கு நான்காம் நாள்தான் வந்தது. குழித்துறையில் மகள் வீட்டில் இருக்கிறேன். தபால்காரர் கொடுத்த கார்டின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. இந்த வயதில் அப்படி ஒரு கார்டு வந்தால் உடனே வாசிக்கத் தைரியம் வருவதில்லை. கையெழுத்தைப் பார்த்து எந்த வீடு என்று ஊகிப்பேன். அன்று ஊகிக்க முடியவில்லை. அந்த வீட்டில் கடிதம் எழுதுகிறவர் தங்கையா சார் ஒருவர்தான். அவர் எழுதாத கார்டு அங்கிருந்து எனக்கு வந்தது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். அவரிடம் படித்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பேசியவர்களில் ஒருவர் அவரைக் 'கற்பனை வளம் மிக்கவர்' என்று புகழ்ந்தார். சிலர் தலையாட்டினீர்கள். தங்கையா சாரைப் பற்றி அதைவிடக் கொடுமையான பொய்யைச் சொல்ல முடியாது. அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று அறிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூட்டங்களில் நான் ஒருபோதும் எழுந்து பேசியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள். சுதந்திரம் வந்த வருஷம் அவர் நம் பக்கத்துக் கோயில்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதத் தொடங்கினார். விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகப் போவார். பல தடவை நானும் கூடப் போனேன். அவருடைய நோட்டில் ஒவ்வொரு சன்னதிக்கும் மூன்று பத்திகள் கோடு போட்டிருக்கும்: பார்த்தது, கேட்டது, பார்க்கவில்லை. "கண்ணுக்கு ஒரு மார்க் சார், காதுக்கு அரை மார்க், நாமளா நெனச்சதுக்கு முட்டை" என்பார்.

ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் பூசை செய்யும் போத்தி எங்களுக்கு நந்தியின் கதையைச் சொன்னார். அந்த நந்தி எழுந்துபோய் ஊரார் வயலை மேய்ந்ததாம். வயல்காரன் அரிவாளை வீச, ஒரு காது அறுந்துபோனதாம். தங்கையா சார் நந்தியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"போத்தியே, ரெண்டு காதும் இருக்கே?"

"இருக்கும். பொறவு முளைச்சிருக்கும்."

"கல்லுலயா?"

"வயலை மேயத் தெரிஞ்ச கல்லுக்குக் காது முளைக்கத் தெரியாதாக்கும்?"

தங்கையா சார் சிரித்துக்கொண்டே, கேட்டது, பார்த்தது, போத்தி சொன்ன பதில் மூன்றையும் எழுதிக்கொண்டார். "மூணையும் எழுதணும் சார். எது சரின்னு வாசிக்கிறவன் பாத்துக்கிடுவான்" என்றார். இவரைத்தான் கற்பனை வளம் மிக்கவர் என்றீர்கள்.

புத்தகத்தில் ஒரு கோயிலை மட்டும் அவரால் பார்த்து எழுத முடியவில்லை. அது எங்கள் ஊர்க் கோயில். சர்க்கார் கோயில்கள் எல்லோருக்கும் திறந்து பல வருஷம் ஆகியும், நான்கு வீட்டார் பொறுப்பில் இருந்த எங்கள் கோயில் திறக்கவில்லை. தங்கையா சார் உள்ளே விடப்படாத சாதியில் பிறந்தவர். எனக்குக் கொடுத்த சம்பளம்தான் அவருக்கும். என்னைவிட நன்றாகப் படித்தவர். ஆனாலும் அவர் கோயில் குளத்துக்கு அக்கரையில் புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்வேன். மகாதேவர் சன்னதிக்கு எத்தனை படி, சாஸ்தா எந்தத் திசை பார்த்திருக்கிறார், நாகர் கற்கள் எத்தனை என்று கேட்பார். நான் எண்ணாமல் வந்திருந்தால் திரும்பப் போய் எண்ணி வருவேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அவருடைய ஆட்களிடம் அந்தக் கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. குளம் வெட்டியபோது நெடுநாள் தண்ணீர் வரவில்லையாம். ஒருநாள் மண் சுமந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி நின்ற இடத்தில் ஊற்று பீறிட்டு அவளை மூடிவிட்டதாம். கல்தச்சர்கள் மனம் பொறுக்காமல் அவள் உருவத்தைக் கோயிலின் வடமேற்கு மூலைப் பக்கம் ஒரு தூணில் செதுக்கி வைத்தார்களாம். ஊற்றுக்காரி என்று அவளுக்குப் பெயர். ஆடி மாதம் அந்த மக்கள் அக்கரையில் ஒரு பிடி மண்ணை வைத்து, வெறும் மதிலைப் பார்த்துக் கும்பிடுவார்கள். மதிலுக்கு அப்பால் அவள் நிற்கிறாளா என்று பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

"சார், அவ நிக்காளான்னு பாத்துச் சொல்லணும். கையில என்ன வச்சிருக்கான்னும் பாருங்க" என்றார் தங்கையா சார். வேறு எதைக் கேட்டபோதும் அவர் குரல் அப்படித் தாழ்ந்ததில்லை.

அந்த மூலை மடைப்பள்ளிக்குப் பக்கம். மடைப்பள்ளி வாசலில் ஸ்ரீகாரியம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே என் நோட்டைப் பார்த்து, "யாருக்குவே கணக்கெடுக்கீரு?" என்று கேட்டிருந்தார். பள்ளி நிர்வாகத்தில் அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். நான் சன்னதியை மட்டும் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். குளத்தைச் சுற்றி நடக்கும்போது, போக முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கரையில் தங்கையா சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நிக்கா" என்றேன். "மூலைத் தூண்ல. இடது கையில மண்வெட்டி."

இடது கை என்று ஏன் சொன்னேன்? நம்ப வேண்டுமே என்பதற்காக. ஒழுங்கானவன் பொய்யையும் ஒழுங்காகச் சொல்கிறான்.

அன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனபோது, அவர் தம் தாயாருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு மம்மட்டி ஏது மக்கா? வெட்டினது ஆம்பிளைக. அவ சொமந்தவல்லா?"

"அம்மா, சார் கண்ணால கண்டு சொன்னதாக்கும்" என்றார் மகன். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் நாகர்கோவிலில் அச்சாகி வந்தது. ஊற்றுக்காரியைப் பற்றிய வரிக்கு நேராகப் 'பார்த்தது' என்று போட்டிருந்தார். என் கண்ணைத் தம் கண்ணாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

பிறகு சட்டம் வந்து கோயில் திறந்தது. முதல் நாள் அவருடைய ஆட்கள் குளித்து, வெளுத்த வேட்டி சேலையில், கைக்குழந்தைகளோடு வந்தார்கள். தங்கையா சார் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மகாதேவரைக்கூட அவர்கள் அவசரமாகத்தான் கும்பிட்டார்கள். எல்லோரும் வடமேற்கு மூலைக்கு வந்தார்கள். ஸ்ரீகாரியம் அங்கே காத்திருந்தார். கையில் புத்தகம் இருந்தது.

"சாரே, ஒம்ம பொஸ்தகத்துல ஒரு அம்மை உண்டே, மம்மட்டியோட? எங்ஙன நிக்கா? காட்டும், நாங்களும் கும்பிட்டுக்கிடுதோம்."

மூலைத் தூணில் ஒரு தாமரைப்பூ மட்டும் இருந்தது. தங்கையா சார் தூணை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். "இந்தப் பூவாக்கும் மம்மட்டி!" என்று யாரோ சொல்ல, நான்கு வீட்டாரும் சிரித்தார்கள். "கோயிலுக்குள்ள வாறதுக்கு முன்னாலயே செலை செஞ்சு வச்சிட்டாரு, பெரிய கற்பனைக்காரருல்லா!" என்றார் ஸ்ரீகாரியம். அந்தப் பெயர் பிறந்தது அங்கேதான். தாயார் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூன்று முழத் தூரத்தில் இருந்தேன். தங்கையா சார் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு, "நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

திரும்பும் வழியில் குளக்கரையில் கேட்டார்: "சார், நீங்க அந்த மூலைக்குப் போனியளா?"

"போகல்ல."

வெகுதூரம் நடந்த பிறகு, "போகல்லன்னு சொல்லியிருக்கலாமே. அதுக்குன்னு ஒரு பத்தி போட்டுல்லா வச்சிருக்கேன்" என்றார். மீதியிருந்த பிரதிகளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த ஆடியில் அக்கரையில் மண் வைத்தவர்கள் மிகச் சிலர்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த மூலைக்கு நான் போனது திறப்பு நாளில் மட்டுமே. அன்றும் தூண்களைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. மூலைக்கு அடுத்த தூண், திறப்பு நாளைப் போலவே, மடைப்பள்ளி விறகுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கீழே வைத்தேன். முழங்கால் உயரத்தில், கரி படிந்து, ஒரு சாண் உருவம். பெண். தலையில் கூடை. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தாள்.

"என்னவே, வெறகுக்குள்ள என்ன தேடுதீரு?" ஸ்ரீகாரியம் கம்பு ஊன்றி வந்து நின்றார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"ஊற்றுக்காரியை."

"அதா? அது எங்க அப்பா காலத்துலேயே அங்ஙனதான் நிக்கி. அதுக்கென்ன?"

"அண்ணைக்கு இல்லன்னு சிரிச்சியளே?"

"அவரு மூலைத் தூணுன்னுல்லா எழுதியிருந்தாரு? மூலைத் தூணுல இல்லதானே. நாங்க என்னவே பொய் சொன்னோம்?"

 அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மை தெரிந்தே சிரித்தார்கள். சிரிக்க ஒரு பொய் வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்திருந்தேன்.

அங்கிருந்து தங்கையா சார் வீட்டுக்குப் போனேன். தாயாருக்குக் கண் மங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் கேட்டது ஒன்றுதான்.

"கூடை இருக்கா?"

"தலையில இருக்கும்மா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு எதுக்கு? நான்தான் முன்னமே சொன்னேனே. தெரிய வேண்டியவன் போயிட்டாம்லா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உங்களில் யாரிடமாவது அந்தப் புத்தகம் இருந்தால், ஊற்றுக்காரியைப் பற்றிய வரியில் 'மூலைத் தூண்' என்பதை 'அடுத்த தூண்' என்றும், 'மண்வெட்டி' என்பதைக் 'கூடை' என்றும் திருத்திக்கொள்ளுங்கள். ஓரத்தில் என் பெயரையும் எழுதுங்கள். தங்கையா சார் எழுதியதில் கற்பனை அந்த ஒரு வரிதான், அதுவும் அவருடையதல்ல.

அவர் நினைவாக நான் வைத்திருப்பது புத்தகமோ கடிதமோ அல்ல. சில மாதங்களுக்கு முன் குழித்துறைச் சந்தையில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அவர் என்னை ஒருபோதும் விலக்கியதில்லை. அன்றும் கையைப் பிடித்துக்கொண்டு என் உடம்பைப் பற்றி விசாரித்தார். பேச்சு வளரட்டும் என்று, ஊருக்குப் போயிருந்தேன், இந்த மழையில் குளம் நிறைந்துவிட்டது என்றேன். அதை நான் உண்மையிலேயே பார்த்திருந்தேன். "அப்படியா, நல்லது" என்றார். என் கையை விடாமலே, பக்கத்தில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரரிடம் திரும்பி, "குளம் நெறஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்.