ஒரு தளபதியின் வேலை

புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் நான் பராமரித்த கிழவர், ஒரு காலத்தில் ஒரு நாட்டின் இராணுவத் தளபதியாக இருந்தவர். வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய நாடு. ஆட்சி கவிழ்ந்ததும் மகளோடு இங்கே ஓடி வந்திருந்தார். மகள் வேலைக்குப் போகும் பகல்களில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடும் மருந்தும் கொடுப்பது என் பொறுப்பு. மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த எனக்கு அது முதல் குளிர்காலம். கொன்வென்ற்றில் படித்த ஆங்கிலம்தான் அந்த வேலையை வாங்கித் தந்தது.

அவர் யாரென்று மகள் சொன்ன அன்றே நான் வேலையை விட்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதற்குக் காரணம் என் அண்ணன். ஆமிக்காரர் அவனை வீட்டிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா இராணுவ முகாம் வாசலில் போய் நிற்கும்போதெல்லாம், "மேலிடத்துக்குத்தான் தெரியும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மேலே இருப்பவருக்கு இது தெரியாது, தெரிந்தால் விட்டுவிடுவார் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். மேலே இருந்த ஒருவரிடமே அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஒரு நாள் அவருடைய கால்களைச் சுடுநீரில் ஊறவைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். தளபதிக்கு என்னதான் வேலை என்று கேட்டேன்.

"சண்டை என்று நினைக்கிறாயா? அரிசி, சப்பாத்து, பெற்றோல்" என்று சிரித்தார். "மிச்ச நேரமெல்லாம் ஜனாதிபதி என்னைக் கண்டு பயப்படாமல் பார்த்துக்கொள்வது."

"உங்கள் ஆட்கள் வீடு புகுந்து யாரையாவது பிடித்தால், உங்களுக்குத் தெரியவருமா?"

"எங்களுடையது சின்னப் படை. ஒரு லொறி வெளியே போகவும் நான் பெற்றோல் கொடுக்க வேண்டும். தெரியாமல் எப்படி?"

"பிடித்தவர்களை விடுவீர்களா?"

"முதல் நாளே யாராவது வந்து கேட்டால் விடுவோம். பிறகு விடுவதற்கு ஆள் இருக்காது."

வாசலில் வந்து நிற்கும் தாய்மாருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"மேலே கேட்க வேண்டும் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நாளில் களைத்துப்போய் வரமாட்டார்கள்."

நகவெட்டி சதையில் பட்டு இரத்தம் கசிந்தது. அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எந்த நாட்டிலிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். காயத்தைத் துடைத்து, மிச்ச நகங்களையும் வெட்டி, காலுறையை மாட்டிவிட்டேன்.

என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம், இனி அங்கே போகமாட்டேன் என்றேன்.

"ஏன், உந்த மனுசன் உனக்கு ஏதும் கரைச்சல் தந்தவரோ?"

"எனக்கு ஒண்டும் செய்யல்ல அக்கா."

"அப்ப பேந்தென்ன? இந்தக் குளிருக்குள்ள வேற வேலைக்கு எங்க போறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அம்மா, இனி முகாமுக்குப் போகாதீங்க."

"ஏன் புள்ள? ஏதும் தகவல் கிடைச்சதா?"

"இல்லம்மா. உங்களுக்குக் கால் ஏலாதே, அதுதான்."

"நான் போகாட்டி அவங்க மறந்திருவாங்க புள்ள."

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அவர் வழக்கம்போலக் கஞ்சியில் உப்பில்லை என்றார். வசந்தம் வந்ததும் மகள் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அண்ணனைப் பற்றி யாரும் கேட்டால் "இருக்கிறான்" என்பதை விட்டு "இருந்தான்" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அம்மாவிடம் மட்டும் கடைசிவரை அப்படிச் சொன்னதில்லை.