கோதுமை இலையும் தகரக் கூரையும்

கோதுமைப் பயிரைக் கண்ணால் கண்டவர் எங்கள் சாய்ந்தமருதில் ஒருவரும் இல்லை. எங்களுக்கு அது மாவாகத்தான் பழக்கம். ஆனாலும் விஞ்ஞான ஆசிரியரான நான், ஆய்வுகூடச் சுவரில் தொங்கும் படத்தைத் தடியால் தட்டித் தட்டி, கோதுமை இலைக்குள் பங்கசு என்ற பூஞ்சணம் வளரும் விதத்தை வருடக்கணக்காகப் படிப்பித்து வந்தேன். ஈர இலையில் வித்தி முளைக்கும். இழை உள்ளே இறங்கும். கலங்களுக்கிடையில் பரவி அவற்றின் சாற்றைக் குடிக்கும். "வெளியில இலை பச்சையாத்தான் இரிக்கும் புள்ளையள், பச்சையப் பாத்து ஏமாறாதீங்க" என்பேன். அந்த வசனத்தில் எனக்குத் தனிப் பெருமை.

சம்மாந்துறை வட்டையில் எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. வேலை செய்விப்பது மனைவியின் தம்பி. அந்த வருட வெள்ளாமையை நம்பித்தான் மகளின் கலியாண வீட்டுக்கு ஓடு போட இருந்தோம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சே எடுக்க முடியாது.

"மச்சான், யூரியா போதும். பயிர் கரும்பச்சையாக் கிடக்கு, பனியும் கொட்டுது" என்றான் அவன்.

பக்கத்து வயல் எங்களுடையதைவிடப் பச்சையாகத் தெரிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"படிச்சது நீயா நானா? இன்னொருக்கா எறி!"

எறிந்தான். வயல் பச்சை என்றால் அப்படியொரு பச்சை. போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "மாஷா அல்லாஹ்" என்றார்கள். படம் எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். யூரியா தின்று மெத்தென்றிருந்த அந்த இலைகளின் தோலைத் துளைத்து, பங்கசு அப்போதே உள்ளே சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தது.

சில நாளில் கண் வடிவப் புள்ளிகள் வந்தன. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம்.

"இது கண்ணூறுதான். நீங்கதானே ஊருக்கெல்லாம் படம் காட்டின" என்றாள் மனைவி. வெட்கக்கேடு, அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது! ஒரு நாள் முழுக்க ஓம் ஓம் என்று தலையாட்டி, கண்ணூறின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் மச்சினன் ஒரு இலையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, ஆய்வுகூட நுணுக்குக்காட்டியின் பக்கத்தில் வைத்தான். குனிந்து அதில் பார்த்தேன். உரித்த பூண்டுப் பல் மாதிரி வித்திகள். நெல்லின் எரிபந்தம் என்ற பங்கசு நோய். மருந்தடித்தோம். ஆனால் கதிரின் கழுத்துவரை நோய் ஏறியிருந்தது, பாதி பதர்.

ஓட்டுக்குப் பதிலாகத் தகரம் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது.

முதல் மழைக்கு மகள் வீட்டில் இருந்தேன். நோய் எப்படி உள்ளே வளர்ந்தது, ஏன் ஒருவருக்கும் முதலில் தெரியவில்லை என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"சத்தமாச் சொல்லுங்க வாப்பா" என்று கத்தினாள் அவள். "தகரம் இரையிது, ஒண்டும் கேக்குதில்ல!"