சித்ரலேகாவுக்குத் தெரியக்கூடாத கண்ணாடி

என் தம்பி நாறும்பூநாதனின் கண் சைக்கிள் ஓட்டித்தான் போயிற்று என்று தச்சநல்லூரில் அவன் தெருக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டதால் என்கிறார்கள். இரண்டும் இல்லை. லென்ஸ் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், கோர்ட்டில் வாதாடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவன் கண் போனதற்குக் காரணம் வேறு. நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேச வராது, கோபம் மட்டும் சீக்கிரம் வரும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. வருஷா வருஷம் பவர் ஏறி, படிப்பை முடிக்கும்போது மைனஸ் ஒன்பதில் நின்றது. இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பல் கண். எந்தக் கண்ணாடி போட்டாலும் அதற்கு ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஆக, வலது கண் ஒன்றை வைத்துத்தான் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்றார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் இரண்டாம் வாரத்திலேயே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனி பஸ் தச்சநல்லூர் வழியாகத்தான் போகும். இவன் ஏறமாட்டான். சைக்கிள்தான். ஆடி மாதத்துக் காற்று நாற்கர சாலையில் ஆளைப் பக்கவாட்டில் தள்ளும், அப்போதும் சைக்கிள்தான்.

"பஸ்ல போனா என்னலே? கால் தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ல போனா வேலைக்குப் போற மாதிரி இருக்குக்கா. சைக்கிள்ல போனா எங்கியோ ஊருக்குப் போற மாதிரி இருக்கு" என்றான்.

அவனுக்கு என்று இருந்த ஒரே சந்தோஷம் அது. ஆனால் அந்தக் கண்ணாடி அதையும் நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. வியர்வையில் மூக்கை விட்டு இறங்கும். மழை பெய்தால் கண்ணாடி மேலெல்லாம் சொட்டு, உள்பக்கம் ஆவி. ஒரு ஐப்பசி மழையில் ஓரமாக நின்ற டிராக்டர் இவனுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. சைக்கிளைச் சட்டென்று ஒடித்துத் திருப்பி மண்ணில் விழுந்தான். முழங்கையில் தையல் போட்டார்கள். கூட வேலை பார்க்கும் எஸ்றாதான், "லென்ஸ் போட்டுக்கோயேன் வே, நானும் போட்டுத்தானே ஓட்டுதேன்" என்று சொல்லி, அவனே கண்ணாடிக் கடைக்கும் கூட்டிப் போனான்.

லென்ஸ் போட்ட அன்று நேரே என் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்த எனக்கு ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்கு இருந்த அதே நீளமான கண்கள். இத்தனை வருஷமாக அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவை சின்னப் புள்ளியாகச் சுருங்கிக் கிடந்திருக்கின்றன. நான் அழுதுவிட்டேன்.

கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் அன்று எனக்கு ஒப்பித்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதற்கென்று இருக்கும் மருந்துத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வேறு தண்ணீர் ஆகாது. போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது, தூங்கவே கூடாது. கண் சிவந்தால் அந்த நிமிஷமே கழற்ற வேண்டும். ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் தெரியும் அவனுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்பாசமுத்திரத்தில் இருந்து சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னால் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் பெண்ணின் சித்தி, பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "அந்தச் செவுத்துக் காலண்டர்ல என்ன தேதின்னு தெரியுதா தம்பி?" என்று கேட்டாள். மற்ற வீடுகளில் அவ்வளவு நேராகக் கேட்கவில்லை. 'பிள்ளைகளுக்கும் வந்துவிடும்' என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அப்பாத்துரை மாமாதான் முன்னால் நின்று பேசினார். "லென்ஸோட போவோம். கண்ணாடிப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்றார்.

"சொல்லிட்டுக் கட்டுவோம் மாமா. பெறகு தெரிஞ்சா வம்பு" என்றேன்.

"நீ கணக்கு சொல்லிக்குடு பள்ளிக்கூடத்துல. இது வேற கணக்கு" என்று என் வாயை அடைத்தார். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சித்ரலேகாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதிகம் பேசாத பெண். யார் மனதையும் நோகடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். இப்படி ஒருத்தியிடம் உண்மையைச் சொல்ல என்ன பயம்? ஆனால் பயந்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லாததை முதல் நாள் சொல்ல முடியவில்லை. முதல் நாள் சொல்லாததை ஒரு மாதம் கழித்து எப்படிச் சொல்வது? பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கிறோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டானாம். எஸ்றாவிடம் சொல்லியிருக்கிறான்.

அதன்பிறகு அவன் நடத்திய வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கண்ணாடி, லென்ஸ் டப்பா, மருந்துத் தண்ணீர் எல்லாம் கம்பெனி அலமாரியில் இருக்கும். காலையில் சைக்கிளில் போய் இறங்கியதும் லென்ஸைக் கழற்றி ஊறப்போடுவான். வேலை முடியும்வரை சோடாபுட்டிதான். கிளம்பும்போது லென்ஸ். வீட்டில் இரவெல்லாம் அதோடுதான் தூக்கம். மற்றவர்கள் ஊருக்கு முன்னால் லென்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கழற்றுவார்கள். இவன் தலைகீழ். ஊரான் எல்லாம் பார்த்த முகத்தைக் கட்டிய பெண்டாட்டி மட்டும் பார்க்கக் கூடாது!

ஞாயிற்றுக்கிழமை கழற்ற வழியே இல்லை. அன்று அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, ஆற்றங்கரைக்கு, கொக்கிரகுளத்துக்கோ குறுக்குத்துறைக்கோ போவான். ஆற்றைப் பார்த்தால் இறங்காமல் வரமாட்டான். லென்ஸோடு முங்கிக் குளிப்பான். கண் உறுத்தினால் நம்ம ஆற்றுத் தண்ணீரையே அள்ளிக் கண்ணில் அடித்துக்கொள்வான். எஸ்றா கண்டித்திருக்கிறான். "தாமிரவரணித் தண்ணி வே. இது பட்டா நோய் போகும், வராது" என்று சொன்னானாம். திருநெல்வேலிக்காரனுக்கு இந்த ஆற்றின் மேல் குறை சொன்னால் தாயைச் சொன்ன மாதிரி. குடித்து வளர்ந்த தண்ணீர் கண்ணைத் தின்னும் என்று எவன் நம்புவான்?

போன பொங்கலுக்குக் கம்பெனியில் தொடர்ந்து விடுமுறை விட்டார்கள். கரிநாளன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பாபநாசம் போனார்கள். சாயங்காலம் வரை ஆற்றில் கிடந்தான். விடுமுறை முழுக்க லென்ஸ் கண்ணை விட்டு இறங்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் வலது கண் சிவந்தது. வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. சித்ரலேகா, "மெட்ராஸ் ஐ மாதிரி இருக்கு. லீவு போடுங்க" என்று கட்டாயப்படுத்தினாள். லீவு போட்டான். அங்கேதான் வினையே. வேலைக்குப் போயிருந்தால் கழற்றியிருப்பான். கண் வலிக்காக வீட்டில் இருந்தான், வீட்டில் இருந்ததால் கழற்றவில்லை. அவள் நந்தியாவட்டைப் பூவை நனைத்து மூடிய கண்மேல் வைத்துக் கட்டியிருக்கிறாள். இவன் மருந்துக்கடையில் ஏதோ சொட்டு வாங்கி, லென்ஸுக்கு மேலேயே விட்டிருக்கிறான். வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு, "தூசிதான், தூசிதான்" என்றானாம்.

அவள் எனக்குப் போன் பண்ணினாள். போய்ப் பார்த்தேன். கருவிழியில் பால் சிந்திய மாதிரி ஒரு வெண்மை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்ணாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா லென்ஸை எடுத்துவிட்டு வெகுநேரம் சோதித்தார். பிறகு கேட்டார், "லென்ஸ் தினமும் எவ்வளவு நேரம் போடுவீங்க?"

"வேலைக்குப் போறப்ப மட்டுந்தான் டாக்டர்" என்றான். கண் போய்க்கொண்டிருக்கிறது, அப்போதும் பொய். நான் வாயைத் திறப்பதற்குள் சித்ரலேகா பேசினாள்.

"இல்ல டாக்டர். வேலையில கண்ணாடிதான் போடுவாக. வீட்டுலதான் லென்ஸு. தூங்குறப்பவும் எடுக்கமாட்டாக. ஆத்துல குளிக்கையிலும் எடுக்கமாட்டாக."

தம்பி குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வெளியே நடைவழியில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "உனக்கு எப்பம்ளா தெரியும்?"

"மறுவீடு போனப்பவே தெரியும் மதினி. எங்க வீட்டுக் குளியலறையில லென்ஸு ஒண்ணு கீழ விழுந்திருக்கு. தரையைத் தடவித் தடவித் தேடிட்டு இருந்தாக. கதவிடுக்கு வழியாப் பார்த்தேன். அவுக சட்டை எடுக்க வெளிய வந்த நேரத்துல நான் போயி, தேடி எடுத்து, கைக்குப் படுற மாதிரி சோப்பு டப்பா மேல வச்சிட்டு வந்துட்டேன். தெனமும் சாயங்காலம் வருவாகள்லா, மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணாடி அழுத்துன தடம் இருக்கும்."

"பெறகு ஏன் கேக்கல?"

"அவுகளாச் சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டா சங்கடப்படுவாகளேன்னு. ராத்திரியும் போடுத மாதிரி லென்ஸு இருக்கும் போலன்னு நெனச்சேன் மதினி. இப்படி ஆவும்னு தெரியாதே."

அவளைத் திட்ட எனக்கு ஆசைதான். என்ன சொல்லித் திட்டுவது? ஒருத்தன் அவமானத்துக்குப் பயந்து மறைத்தான். இன்னொருத்தி அவனை அவமானப்படுத்தக் கூடாது என்று பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். இரண்டு நல்லவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் இப்படியும் நடக்குமா?

தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி என்றார்கள். ஆற்றிலும் உண்டு, குழாயிலும் உண்டு. சும்மா பட்டால் ஒன்றும் செய்யாது, லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கருவிழியைக் குடைந்துவிடும். மணிக்கு ஒரு தடவை சொட்டு விட்டோம். மாதக்கணக்கில் விட்டோம். கண் உருவத்துக்கு மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. புண் முழுசாக ஆறி அடங்கினால் வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பார்வை வரும் என்று யாரும் சொல்லவில்லை. வேலை போயிற்று. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறான். இடது கண்ணுக்கு ஆள் நிற்பது மட்டும் தெரிகிறது, யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான்.

கண்ணாடியை மறைத்த பேச்சை இருவரும் அதன்பிறகு எடுக்கவில்லை. அவள் சொட்டு விடுவாள், சோறு பிசைந்து தட்டைக் கையில் கொடுப்பாள், பேப்பர் படித்துக் காட்டுவாள். என்ன பிறவியோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் புளிக்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சத்தம் கேட்டது. சித்ரலேகாவின் குரல். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"என்னை என்னன்னு நெனச்சீக? ஒரு கண்ணாடிக்காக உங்களை விட்டுட்டுப் போயிருவேன்னா நெனச்சீக? அவ்வளவு மட்டமாவா நான் தெரிஞ்சேன் உங்களுக்கு?"

தம்பி பேசினான்.

"நீ போவமாட்டேன்னு தெரியும் சித்ரா. நான் வேலை முடிஞ்சு உள்ள வரும்போது என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பே. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிச்சதில்ல. அந்த மொகம் மாறிரக் கூடாதுன்னுதான்..."

"மாறவே இல்லியே!" என்று கத்தினாள். அழுகையில் குரல் உடைந்தது. "தெரிஞ்ச பெறகும் அப்படித்தானே சிரிச்சேன். இந்தா, இப்பவும் அப்படித்தானே பார்க்கேன். தெரியலியா உங்களுக்கு?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்கும். சட்டென்று அடங்கிவிட்டாள்.

"தெரியல சித்ரா" என்றான் என் தம்பி.