எங்கள் வீட்டுப் பாதம்

எனக்குத் தட்டைப் பாதம். நின்றால் உள்ளங்காலில் வளைவு என்று ஒன்று தெரியாது. முழுப் பாதமும் தரையில் அப்பிக்கொள்ளும். நடக்கும்போது கணுக்கால் உள்பக்கமாகச் சாயும். இது அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கு என்னைவிட மோசம்.

எழுபதுகளில் நாங்கள் மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா பால்மரம் சீவுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக, பஸ் வரும் ரோடு வரைக்கும் செம்மண் பாதையில் நடக்க வேண்டும். அப்பா முன்னால் போவார். பின்னாலிருந்து பார்த்தால் முட்டி இரண்டும் உரசிக்கொள்ள, குதிகால்கள் மட்டும் வெளியே ஒதுங்கிப் போவது போல இருக்கும். எங்கள் லயத்து வீடுகளில் இருந்த பிள்ளைகள் அந்த நடையை நடித்துக் காட்டுவார்கள். ஒரு தடவை நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் என் முறை வந்தது. குழாயடியில் கால் கழுவிவிட்டு சிமெண்டுத் தரையில் நடந்தால், மற்றவர்களின் ஈரத்தடம் நடுவில் ஒடுங்கியிருக்கும். என்னுடையது பலகையை வைத்து எடுத்தது போல இருக்கும். வாத்து என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து கால் ஈரமாக இருந்தால் பாதத்தின் வெளி விளிம்பில் நடக்கப் பழகினேன்.

இத்தனைக்கும் எனக்கு ஓட வரும். எப்படி என்று தெரியாது, வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் அலோர் ஸ்டாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே பெண்களுக்கான ஓட்டக் குழுவில் ஓர் ஆள் குறைந்தது. என்னைச் சேர்த்துவிட்டது என்னோடு வேலை செய்த ஓர் அக்கா. யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வாரமே அக்கா, என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். எஸ்டேட்டில் என்றேன். எஸ்டேட் ஆபீசில் கிராணியா என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இரண்டு மாதம் ஓடியதும் முட்டியின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கினால் கண்ணில் நீர் முட்டும். மலிவான கேன்வஸ் சப்பாத்தில் ஓடினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டு, சனிக்கிழமை மத்தியானம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு அக்கா என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை அப்பா வந்து நின்றார். கண் மங்கலாகத் தெரிகிறது என்று பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களாம். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஏதாவது காரணம் சொல்லி வேறு நாளைக்கு மாற்றியிருப்பேன். ஆஸ்பத்திரியில் சீக்கிரமே முடிந்துவிட்டது. பஸ் சாயங்காலம்தான். அறையில் இருங்கள் என்றேன். "தனியா என்னம்மா செய்யறது, நானும் வரேன்லா" என்றார்.

கடைவாசலில் அக்கா காத்திருந்தார். அப்பாவுடைய கழுத்துப் பித்தான் போட்ட வெள்ளைச் சட்டையையும், பால் கறை போகாத விரல்களையும், ரப்பர் சிலிப்பரையும் பார்த்தார். பிறகு வணக்கம் அங்கிள் என்றார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

கடை முதலாளி, அதாவது தவுக்கே, ஐம்பது வயதுச் சீனர். சுவரில் அவர் ஓடிய பழைய படங்கள் மாட்டியிருந்தன. அவர் புதுச் சப்பாத்து எதையும் காட்டவில்லை. முதலில் என் பழைய சப்பாத்தைக் கேட்டார். அதை மேசைமேல் குதிகால் தன் பக்கம் இருக்கும்படி வைத்தார். இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றன. அடியில் உள் ஓரம் துணி தெரியும் வரை தேய்ந்திருந்தது. பிறகு ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்து, செய்தித்தாள்மேல் நிற்கச் சொன்னார். முழுப் பாதமும் பதிந்தது. அக்கா குனிந்து பார்த்தார்.

தவுக்கே மலாயில் விளக்கினார். இந்த மாதிரிக் காலுக்கு மெத்தென்ற சப்பாத்து ஆகாது, கால் இன்னும் உள்ளே சரியும். குதிகாலைச் சுற்றிக் கெட்டியாக இருக்க வேண்டும். அடியில் உள்பக்கத்து ரப்பர் கடினமாக இருக்க வேண்டும். நடுவில் பிடித்து முறுக்கினால் துணிபோல முறுகக் கூடாது. சொல்லிக்கொண்டே ஒரு ஜோடியை எடுத்து முறுக்கிக் காட்டினார். சாம்பல் நிறம், அகலம், கனம். ஆம்பிளைகள் போடுவது போல இருந்தது.

பிறகு சும்மாதான் கேட்டார். இது பெரும்பாலும் பரம்பரையாக வரும், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

அப்பாவுக்கு மலாய் நன்றாகப் புரியும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் முகம் மலர்ந்து, வலது சிலிப்பரைக் கழற்றினார். காட்டத்தான். தனக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷம் அவருக்கு.

நான் அவரைப் பார்க்காமல், "எங்க வீட்டுல யாருக்கும் இல்ல" என்றேன். தமிழில் சொல்லி, மலாயிலும் சொன்னேன்.

அப்பாவின் கால் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சிலிப்பருக்குள் போனது. தவுக்கே அவர் பக்கம் திரும்பினார். "ஆமா தவுக்கே," என்றார் அப்பா, மலாயிலேயே. "எங்களுக்கெல்லாம் நல்ல காலு."

அதற்குமேல் அந்தக் கடையில் என்னால் இருக்க முடியவில்லை. தவுக்கே சொன்ன சாம்பல் ஜோடியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அக்கா போட்டிருந்தது போலவே நீலக் கோடு போட்ட, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்த ஜோடியை எடுத்தேன். தவுக்கே இரண்டு முறை தலையை ஆட்டினார்.  பஸ் ஏறும்போது அப்பா, கண்ணுக்கு மருந்து மூன்று வேளை போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

இலாகாக்களுக்கு இடையிலான ஓட்டம் ஊருக்கு வெளியே வயல் நடுவே போகும் ரோட்டில் நடந்தது. பாதி தூரம் வரை முன்னால் இருந்தேன். அதற்குப்பின் ஒவ்வோர் அடிக்கும் முட்டிக்குள் ஊசி இறங்கியது. தண்ணீர் வாய்க்கால் பாலம் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அலுவலக வேன் வந்து ஏற்றிக்கொண்டது. அக்கா கடைசி வரை ஓடி முடித்தார்.

மறுவாரம் தனியாகக் கடைக்குப் போய்ச் சாம்பல் ஜோடியை வாங்கினேன்.  தவுக்கே, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் வலி குறைந்தது. ஏன் மாற்றினாய் என்று அக்கா கேட்டபோது, நீலம் சைஸ் சரியில்லை என்றேன். அதுவும் பொய்.

தீபாவளி விடுமுறைக்கு எஸ்டேட் போனபோது அந்தச் சப்பாத்தை அப்பாவிடம் காட்டினேன். கட்டைவிரலால் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். கடையில் அப்படிச் சொன்னது தப்பு என்றேன். அப்பா சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தானம்மா ஒனக்கு இந்தக் கால குடுத்தேன்," என்றார். "நீ வேணாங்கிறப்ப நான் எப்படிக் காட்டறது?"

உங்களுக்கு வலிக்குமா என்று கேட்டேன். அதுநாள் வரை நான் கேட்டதில்லை. மத்தியானம் பால்மரக் காட்டிலிருந்து வந்ததும் கணுக்கால் வீங்கும் என்றும், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசரிடம் ஒரு தடவை சொன்னதற்கு, எல்லாருக்கும் அப்படித்தான் என்று எண்ணெய் கொடுத்தார் என்றும் சொன்னார்.

அடுத்த மாதம் கட்டாயப்படுத்தி அவரை அலோர் ஸ்டாருக்கு வரவழைத்து, அதே கடைக்குக் கூட்டிப்போனேன். தவுக்கே ஈரத்துணியோடு வந்து காலை நீட்டச் சொன்னார். அப்பா நீட்டவில்லை. பாதங்களை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "அளவு சொன்னாப் போதும், கழட்ட வேணாம்" என்று தமிழில் என்னிடம் சொன்னார். முன்பு தானாகவே சிலிப்பரைக் கழற்றிய மனிதர்.

நான் தவுக்கேயிடம் இவர் என் அப்பா, எனக்கு இந்தக் கால் இவரிடமிருந்துதான் வந்தது, போன தடவை பொய் சொன்னேன் என்று மலாயில் சொன்னேன்.  தவுக்கேவுக்கு இது ஒரு விஷயமாகவே இல்லை. எந்தச் சைஸ் என்று கேட்டார். கடையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, அப்பா ஒருவழியாகக் காலை நீட்டினார்.

அந்தச் சப்பாத்தை அவர் பால்மர வெட்டுக்குப் போட்டுப் போகவில்லை. பூசைக்கும் டவுனுக்கும் மட்டும் போட்டார். வீக்கம் குறைந்தது என்றார். மேல்துணி கிழிந்த பிறகும் தைத்துப் போட்டார். ஆனால் யார் வீட்டுக்காவது போய் வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டி வந்தால், உள்ளே போனதும் மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் அடியில் மறைத்துக்கொள்வார். அதற்கு முன்பு அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.