விரல் வைத்தால் வரும் குரல்

மாடுகள் இன்னும் எழும்பவில்லை. ஜெனீற்றா அதற்குள் எழும்பி, அண்ணன் வீட்டுப் பின்வளவில் பவளக்கல் மதிலோரம் குந்தியிருந்து, தான் எழுதிய புத்தகத்தைத் தானே வாசித்துப் பழகுகிறார். தினமும் அதே எட்டாம் அத்தியாயம்தான். இடக்கையில் புத்தகம், வலக்கை நடுவிரல் தொண்டைக் குழியில். விரலை அமத்தினால் கரகரவென்று ஒரு குரல் வரும். எடுத்தால் மூச்சு மட்டும் வரும். எழுதியவரே பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல அதைப் பாடமாக்குவதைப் பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவருக்கு அதில் கோபமில்லை.

நெடுந்தீவில் பிறந்தவர். யுத்தத்தோடு வெளிக்கிட்டு நோர்வேயின் வடகோடியில் போய் இறங்கினார். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கேயும் மீன்தான் காத்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் நின்ற நிலையில் மீன் வெட்டியே பாதி ஆயுள் போனது. கணவர் இடையில் செத்துப்போனார். மகளை ஆளாக்கி, இனிக் கொஞ்சம் இருப்போம் என்று கதிரையில் சாய்ந்த வருடம் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வைத்தியர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்து ஆளைக் காப்பாற்றினார்கள். துளையை விரலால் மூடினால் குரல் வரும்படி உள்ளே சிறு வால்வு பொருத்தியது பிறகுதான். பேச முடியாமல் போன நாட்களில் எழுதத் தொடங்கியதுதான் இந்தப் புத்தகம். ஒஸ்லோவில் வெளியீட்டு விழா வைத்து, துணிச்சலான பெண் என்று மேடையில் ஆளுக்காள் புகழ்ந்தார்கள். துணிச்சல்காரி கழுத்துத் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி கூட்டம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துளைக்குள் தண்ணீர் போனால் நெஞ்சுக்குள் போய்விடும். அதனால் கடலில் கால் நனைப்பதோடு சரி. குறிகட்டுவான் துறையில் இருந்து தீவுக்குப் படகில் வரும்போது அலைத் தூவானத்துக்குப் பயந்து குடையை விரித்துப் பிடித்திருந்தார். "கடல்காரன்ர மகள் கடலுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு வாறா" என்று படகோட்டி சொல்ல, படகே சிரித்தது. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல். அடுப்பு ஊத ஏலாது. மூக்கால் மூச்சுப் போகாததால் மணமும் தெரியாது. அந்தக் குறைக்கு அண்ணன் மனைவி ஜசிந்தாவைப் பிடித்து வைத்திருக்கிறார்.

"ஜசிந்தா, கருவாடு மணக்குதோ?"

"தலையிடிக்கிற அளவுக்கு மணக்குது மச்சாள்."

"எப்பிடி மணக்குதெண்டு சொல்லும்."

ஜசிந்தா கொஞ்சம் யோசித்தார். "மாமியின்ர சீலைத் தலைப்பு மணக்கிற மாதிரி."

மாமி என்றது ஜெனீற்றாவின் தாய் றோசம்மாவை. வந்த நோக்கமும் அந்தத் தாயைப் பற்றியதுதான். எட்டாம் அத்தியாயத்தை அண்ணன் பத்திநாதர் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். அதுவும் தன்னுடைய குரலில் கேட்கவேண்டும்.

பத்திநாதர் தங்கைமேல் உயிரானவர். பதமான மீனாகப் பார்த்துக் கொண்டுவந்து, விழுங்கக் கஷ்டப்படுவாளே என்று முள்ளைத் தானே எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் புத்தகத்தைத் தொடமாட்டார். அது அலுமாரிக்கு மேல் அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஜசிந்தா அதைக் களவாக எடுத்துக் குசினிக்குள் வைத்து வாசித்து முடித்து, அழுதும் முடித்துவிட்டார்.

பத்திநாதரின் மனத்தாங்கல் தாயின் செத்தவீட்டில் தொடங்கியது. வரமுடியாத பிள்ளை வெளிநாட்டில் இருந்து அழுவதற்காகச் சவப்பெட்டியின் தலைமாட்டில் தொலைபேசியைப் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே பிள்ளை ஒப்பாரி வைத்துக் குழற, இங்கே கூடியிருக்கும் பெண்களும் சேர்ந்து குழறுவார்கள். பத்திநாதரும் பிடித்தார். கை நோக நோகப் பிடித்தார். ஒரு சத்தமும் வரவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு சொட்டு அழுகை இல்லையே என்று ஊர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்போது ஜெனீற்றாவுக்குக் குரல்வளையை எடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. படுக்கையில் கிடந்த தாய்க்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று நோய் வருத்தத்தை ஊருக்கு மறைத்திருந்தார். தாய் போன பிறகு யாருக்கு, எந்தக் குரலில் சொல்வது? அண்ணன் அழைத்தால் மகள்தான் தொலைபேசியை எடுத்து, "அம்மா வேலைக்குப் போட்டா மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வருடங்கள் அப்படியே ஓடிவிட்டன. இந்த முறை இறங்குதுறையில் தங்கையின் கழுத்தைப் பார்த்துத்தான் பத்திநாதருக்கு எல்லாம் தெரியவந்தது. தெரிந்தது அவர் மனத்தை இன்னும் இறுக்கிவிட்டது.

"வருத்தமெண்டு ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருந்தா, அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் அந்த போனைப் பிடிச்சிருக்கமாட்டன்" என்றார்.

"எட்டாவதை மட்டும் கேளுங்கோ அண்ணை. ரெண்டு பக்கம்தான்."

"எழுதினது எழுதினதாக் கிடக்கட்டும் பிள்ளை." வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பிப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் இருவரும் சவக்காலைக்குப் போனார்கள். சோளகக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பத்திநாதர் மெழுகுதிரியைக் கொளுத்திப் பார்த்துச் சரிவராமல் விட்டுவிட்டு, கடலைப் பார்த்தபடி தள்ளி நின்றார். ஜெனீற்றா கழுத்துத் துணியை அவிழ்த்தார். புத்தகத்தை விரித்து, விரலை அமத்தி, தாயின் கல்லறையைப் பார்த்து வாசித்தார்.

"அம்மா, அன்று நான் தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்தேன்."

அத்தனை விடியலிலும் பழகிய அத்தியாயம் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பத்திநாதர் திரும்பிப் பார்த்தார். தங்கை அழுதுகொண்டிருந்தாள். விரல் தொண்டையை விட்டு நழுவியிருந்தது. வாய் திறந்திருந்தது, தோள்கள் குலுங்கின, உடம்பு முழுவதும் குழறியது. சத்தம் மட்டும் இல்லை. அந்தத் துளையால் காற்று போய்வந்துகொண்டிருந்தது. அன்று சவப்பெட்டியருகே தன் கையில் இருந்த தொலைபேசிக்குள் நடந்ததும் இதுதான் என்று அவருக்கு அப்போது விளங்கியது.

காற்று இன்னொரு தரம் மணலை வாரியது. பத்திநாதர் தோளில் கிடந்த துவாயை எடுத்து, காற்று வரும் பக்கமாகச் சுற்றி வந்தார்.

"அழு பிள்ளை. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

துவாயை இரண்டு கையாலும் விரித்து, மணல் படாமல் அவள் தொண்டைக்கு முன்னால் பிடித்தார். கை நோகத் தொடங்கிய பிறகும் இறக்கவில்லை.