தலையணை உறைக்குள் அக்காவின் தாலிக்கொடி

போன வருடம் ஆவணி மாதம், அக்காவின் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது இது. கனடாவிலிருந்து வந்திருந்த மாமா, "வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறியள், ஒரு நாளைக்கு வாங்கோ" என்று கொழும்பு காலிமுகத்திடல் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில், இருபத்து மூன்றாவது மாடியில் எங்களுக்கும் அறை போட்டுவிட்டார்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒரு சுவிட்ச் விடாமல் அமத்திப் பார்த்தேன். திரைச்சீலை தானாக விலகியது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் காலி வீதி பஸ்கூட அமைதியாகத்தான் போனது.

மறுநாள் காலை சாப்பிட இறங்கும்போது கதவருகே இருந்த சுவிட்சையும் தட்டிவிட்டேன். அறையைத் துப்புரவாக்கச் சொல்லும் சுவிட்ச் அது. சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "மேல போய்ப் பாருங்கோ, விரிப்பு, தலகணி உறை எல்லாம் புதுசா மாத்தியிருப்பினம்."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"அடியே, அதுக்குள்ளதான் அக்கான்ர கொடி கிடக்கு!"

செட்டியார் தெரு நகைக்கடையில் முதல்நாள் எடுத்த தாலிக்கொடி. ஆளில்லாத ஃபிளாட்டில் விட மனமில்லாமல் அம்மா கூடவே கொண்டு வந்திருக்கிறா. அறையில் இரும்புப் பெட்டி இருந்தது. நம்பர் அமத்தித் திறக்கிற பெட்டியை அம்மா நம்பவில்லை. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் நகையைத் தலையணைக்குள் வைத்துப் படுத்த பழக்கம்.

லிஃப்ட் பொத்தானை அம்மா திரும்பத் திரும்ப அமத்தினா. மேலே போய்ச் சேர்வதற்குள் நான் மனதுக்குள் துப்புரவு செய்தவரைக் கள்ளியாக்கி, பொலிஸில் முறைப்பாடும் எழுதி முடித்துவிட்டேன்.

கட்டில்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நான்கு தலையணையையும் அம்மா பிசைந்து பார்த்தா. ஒன்றுமில்லை. நான் வெளியே பாய்ந்தேன். இரண்டு அறை தள்ளி, துணி வண்டியோடு துப்புரவுப் பணிப்பெண் ஒருவர். ஏசுவதற்குச் சிங்களத்தில் வசனம்கூடத் தயார். வாய் திறப்பதற்குள் அவரே தமிழில் முந்திக்கொண்டார்.

"அந்த ரூம் ஆக்களா? கீழ சொல்லி உங்களத் தேடச் சொன்னேனே! சாமான் செக்கியூரிட்டிகிட்ட பத்திரமா இருக்குது. சூப்பர்வைசரக் கூப்பிட்டு அவருக்கு முன்னாலதான் எடுத்தேன்."

பின்னால் வந்த அம்மா நடைபாதைக் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டா. "எப்பிடிப் பிள்ளை கண்டனீர்?"

அவர் சிரித்தார். "கண்ணாடியில பொட்டு ஒட்டியிருந்திச்சு, ஆன்ட்டி. நம்ம ஆக்கள்ட ரூம்னா உறையக் கழட்ட முன்ன அமத்திப் பாப்பேன். கொட்டாஞ்சேனையில எங்கம்மாவும் இப்பிடித்தான், பேங்க்கே தலகாணிதான்."

அம்மா சிரித்துக்கொண்டே அழுதா. கையெழுத்துப் போட்டுக் கொடியை வாங்கினோம். அவரைக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டோம். வேலை நாள், வர முடியாது என்றார்.

கொடி கிடைத்தது பெரிய நிம்மதிதான்; ஆனால் இன்றைக்கும் நினைத்தால் பெருமூச்சு வருவது, நாக்கு நுனிவரை வந்த 'கள்ளி' என்ற அந்த ஒரு சொல்லை அவர் கேட்கவேயில்லை என்பதற்காகத்தான்.